கொலுப்படியில் உன் கொக்கு

ஏட்டி,

கொலுப் பெட்டியைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடித்தது. பொம்மைகளுக்கு மேலே, பழைய வேட்டித் துணியில் பொதிந்து, நீ கடைசியாக மடித்துக் கொடுத்த கொக்கு இருந்தது. அப்பளக் கட்டு சுற்றி வரும் மஞ்சள் தாள். வாலை லேசாக இழுத்தேன், இறக்கை அடித்தது. பாவி மகளே, நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், இது இன்னும் அடிக்கிறதே என்று அழுகை வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரர் இறந்ததற்கு அடுத்த வருஷ நவராத்திரி. கல்லிடைக்குறிச்சியில் நம் தெருப் பெண்களெல்லாம் வெற்றிலை பாக்கு வாங்க வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். முதல் ஆளாக வந்து பாடுகிற உன்னைக் காணவில்லை. நேரே உன் வீட்டுக்கு வந்து, "யாருட்டி உன்னைத் தடுத்தா? கெளம்பு" என்று சத்தம் போட்டேன்.

"யாரும் ஒண்ணும் சொல்லல. குங்குமம் குடுக்க வாரவ என் நெத்தியப் பாத்துட்டு கைய இழுத்துக்கிடுவால்லா, அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல" என்றாய். பேசிக்கொண்டே தாளை மடித்து முடித்து என் கையில் வைத்தாய். "என்னையக் கேட்டா இதைக் காட்டு. வாலைப் பைய இழுக்கச் சொல்லு, பிச்சிரப் போறாளுவ."

அதிலிருந்து வருஷா வருஷம் கொக்கு வந்தது, நீ வரவில்லை. செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் அது நிற்கும். கடைசி நாள் ஆரத்தி எடுத்து ஒரு பொம்மையைப் படுக்க வைப்போமே, ஒரு தடவை அவசரத்தில் உன் கொக்கைச் சாய்த்துவிட்டேன். இறக்கை நசுங்கிப் போயிற்று. சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாய். "கொக்கு எங்கனட்டி படுத்துத் தூங்கும்? நின்னுக்கிட்டேல்லா தூங்கும்!"

"அப்போ வந்து நீயே வச்சுக் காட்டு" என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் படியில் அது நிற்கிற அழகை நீ ஒரு நாளும் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் வீட்டு அவுகளும் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பி, இப்போதுதான் மறுபடி கொலு. மருமகள்தான் படி கட்டினாள். சாயங்காலம் பெண்கள் வர ஆரம்பித்ததும், சுண்டலைச் சாக்கு வைத்து அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். என்னையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு உன்னிடம் போட்ட சத்தம் என் காதிலேயே கேட்டது. கூசிப் போனேன்.

"அத்தை, கொக்கு நிக்க மாட்டேங்கு, சாஞ்சு சாஞ்சு விழுது. வந்து வச்சுக் குடுங்க" என்று மருமகள் கூப்பிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். அடித்தாளை விரித்து, கழுத்தை நிமிர்த்தி நிற்க வைத்தேன். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருத்தி, "அழகா இருக்கே, யாரு செஞ்சது?" என்று கேட்டாள். உன் பேரைச் சொன்னேன்.

"அவங்க இன்னைக்கு வரலையா?"

கொக்கின் வாலைப் பைய இழுத்துக் காட்டினேன். அடுப்படிக்குத் திரும்பவில்லை, ஏட்டி. கொலுவுக்கு எதிரே, நீ உட்கார்ந்து பாடுகிற இடத்தில், அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.