ஆறாவது நாற்காலி

டெட்ராய்ட்
திங்கட்கிழமை, அக்டோபர் 11, 1999

அன்புள்ள ஓடெல்லுக்கு, வெர்லீன் எழுதுவது.

முதலில், இதை உனக்கு வாசித்துக் காட்டும் உங்கள் கப்பல் சமையல்காரர் ஹார்லனுக்கு ஒரு வார்த்தை. ஐயா, ஓடெல்லுக்குக் கண் வலி என்பதால் உங்களுக்கு எப்போதும் தொந்தரவு. நன்றி. ஆனால் ஒரு வரியைக்கூட விடாமல் வாசியுங்கள். எங்கள் மகள் ரெனிட்டா மூன்றாம் வகுப்பில் இரண்டாம் முறையும் தோற்றதைப் பற்றி ஜூன் மாதம் ஒரு பக்கம் எழுதினேன். அதற்குப் பிறகு ஓடெல் எத்தனையோ முறை தொலைபேசியில் பேசினார், அதைப் பற்றி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் தாவிவிட்டீர்களா, அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லையா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

ஓடெல், நாங்கள் சுகம். நீ ஒட்டிவிட்டுப் போன குழாய் மறுபடி சொட்டுகிறது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எனக்குக் காலை ஷிப்ட் கொடுத்திருக்கிறார்கள். என்ன காரியத்துக்காகக் கொடுத்தார்கள் என்று இனிமேல்தான் தெரியும்.

பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முன் நாம் பந்து உருட்டி விளையாடப் போவோமே, அந்த பௌலிங் கூடத்தில் இப்போது ஒரு சின்னப் பள்ளி நடக்கிறது. சார்ட்டர் பள்ளி என்கிறார்கள். அரசாங்கப் பணம், ஆனால் நிர்வாகம் தனி. மொத்தமே தொண்ணூறு பிள்ளைகள். கட்டணம் கிடையாது. யாராவது எதையாவது சும்மா கொடுத்தால் நான் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்பது உனக்குத் தெரியும். தலைமையாசிரியர் புரூயிட், "தேர்வெல்லாம் கெடையாதும்மா, குலுக்கல்ல பேர் வந்தா எடம் ஒங்களுக்கு" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னார். பெயர் வந்தது. ராஃபிள் குலுக்கலில் ஒரு வான்கோழிகூட விழாத வீட்டுக்கு இது மட்டும் எப்படி விழுந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

யோசித்தது சரியாகப் போயிற்று. பள்ளி திறப்பதற்கு முன் பிள்ளையை அழைத்து வாருங்கள், ஒரு பக்கம் வாசிக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. தேர்வு இல்லை என்றவர்கள் எதற்காக வாசிக்கச் சொல்ல வேண்டும்? வாசிக்காத பிள்ளைகளைக் கழித்துக்கட்டத்தான் என்று முடிவு செய்தேன். பக்கத்து வீட்டு கேடிஸ் அம்மாவின் பேரன் முந்தின நாளே போய், திக்கித் திணறி வாசித்துவிட்டு வந்திருந்தான். வாசித்த தாளை மடித்துக் கொண்டுவந்துவிட்டான். அதை நான் வாங்கிக்கொண்டேன். இஸ்திரிப் பலகைக்குப் பக்கத்தில் ரெனிட்டாவை உட்கார வைத்து, நான் வாசிக்க வாசிக்க முழுவதையும் மனப்பாடம் செய்ய வைத்தேன். செருப்பைத் தொலைத்த நாயின் கதை. எந்த வரியில் விரலை எங்கே வைப்பது என்றுகூடச் சொல்லிக்கொடுத்தேன்.

அவள் வானொலிச் செய்தி மாதிரி ஒப்பித்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

செப்டம்பர் கடைசியில் பெற்றோர் கூட்டம். அங்கேதான் தெரிந்தது, அந்த ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னது யாரையும் கழிப்பதற்கு இல்லை. வாசிக்கத் திணறும் ஆறு பிள்ளைகளைத் தேடி எடுத்து, மிஸ் பிரிட்ஜ்ஃபோர்த் தினமும் ஒரு மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறாள். ஐந்து நாற்காலி நிறைந்துவிட்டது. கேடிஸ் அம்மாவின் பேரன் ஒன்றில் உட்கார்ந்திருக்கிறான். இப்போது தெருவில் இருக்கும் போர்டு ஒன்று விடாமல் எழுத்துக்கூட்டி எங்கள் உயிரை எடுக்கிறான். என் மகள், நன்றாக வாசிக்கும் பிள்ளைகளோடு பின்வரிசையில் இருக்கிறாள். வாசி என்றால், "கண்ணு வலிக்குது மிஸ்" என்கிறாளாம்.

ஹார்லன் ஐயா, இந்த இடத்தை மெதுவாக வாசியுங்கள்.

கண் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார்.

சனிக்கிழமை மிஸ் பிரிட்ஜ்ஃபோர்த் வீட்டுக்கே வந்துவிட்டாள். சின்னப் பெண், பெரிய பை. வேவு பார்க்க வந்திருக்கிறாள் என்று நான் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டேன். பீச் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் ஒரு துண்டு கொடுத்தேன், தட்டை நக்காத குறையாகத் தின்றாள். அப்புறம் ஒரு படிவத்தை எடுத்து, "குடும்பத்துல வேற யாருக்காச்சும் வாசிக்கறது கஷ்டமா இருந்துச்சா? தப்பா நெனைக்காதீங்க, தெரிஞ்சா எந்த வழியில சொல்லிக்கொடுக்கறதுன்னு எனக்குப் புரியும்" என்று கேட்டாள். இல்லை என்றேன். நாய்க்கதையைப் பற்றியும் வாயைத் திறக்கவில்லை. ஏமாற்றியது தெரிந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்களோ என்று பயம். ஆறாவது நாற்காலியை ரெனிட்டாவுக்காக வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பேன், அதற்குமேல் வரிசையில் அடுத்த பிள்ளைக்கு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் ரெனிட்டா கேட்டாள்: "அப்பாவுக்கும் கண்ணு வலிக்கும்ல? அவரையும் திரும்பத் திரும்ப மூணாங்கிளாஸ்லயே போட்டாங்களாம்மா?"

நான் குழாயைப் பார்க்கப் போய்விட்டேன்.

பதினொரு வருடமாக உன் கண்ணைப் பற்றி நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நாளை ஆற்றில் தபால் படகு உங்கள் கப்பலை ஒட்டி வரும்போது கயிறு கட்டிய வாளியில் இந்தக் கடிதம் மேலே வந்துவிடும். வியாழக்கிழமை நீங்கள் இந்த ஊர் எஃகு ஆலையில் இரும்புத் தாது இறக்கும்போது உனக்கு எட்டு மணி நேரம் ஓய்வு என்று தெரியும். அன்று இரண்டு மணிக்கு நான் பள்ளியில் இருப்பேன். நாய்க்கதையை நானே சொல்லிவிடுகிறேன். துரத்தினால் துரத்தட்டும். அந்தப் பெண்ணை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை, நீ வேண்டுமானால் வந்து பார்த்து முடிவு செய். ஆனால் படிவத்தில் இருக்கும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை. அது உன்னிடம்தான் இருக்கிறது. அதற்காக இந்த வீட்டில் யாரும் உன்னைக் குறைவாக நினைக்க மாட்டோம்.

கர்த்தர் உன்னையும் கப்பலையும் பத்திரமாகக் கரைசேர்க்கட்டும்.

உன்,
வெர்லீன்

ஹார்லன் ஐயா, நீங்கள் வாசிக்க வேண்டியது இத்துடன் முடிந்தது. கீழே இருப்பது ரெனிட்டா எழுதியது. நேற்று மாலை முழுக்க உட்கார்ந்து, யாரையும் கிட்ட விடாமல் எழுதினாள். அதை வாசித்துக் காட்டாதீர்கள். தாளை அவர் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுங்கள். எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும்.

அப்பா நீயும் வா