ஓட்டை வாச்சு

என் உயிர் மக்கா பெலிக்ஸ்,

நீ போன பிறகு உன் கல்லறைப் பக்கம் நான் வராததற்குத் துக்கம்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. உன் வாச்சு என் கையில் இருக்கிறது. அதைக் கட்டிக்கொண்டு உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது.

எந்த வாச்சு என்று நீ கேட்க மாட்டாய். நம் இருவரிடமும் இருந்த வாச்சுகளில் அதுதானே ராஜா. ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில் முகப்பைத் திறந்துவிட்டு, உள்ளே ஒரு சின்னக் கூடு நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும் டூர்பியான். நீ குளச்சலில் மீன் ஏற்றுமதி, நான் மார்த்தாண்டத்தில் ரப்பர் வியாபாரம். நாற்றத்தைத் தவிர நமக்குள் வேறு ஒற்றுமை இல்லை என்று நீயே சிரிப்பாய். ஆனாலும் ஓய்வு கிடைத்த மாலைகளில் வட்டக்கோட்டை மதில்மேல் உட்கார்ந்து, ஒரே பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி அந்தக் கூட்டைப் பார்த்துக்கொண்டிருப்போம். பூமியின் இழுப்பில் நேரம் பிசகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, ஆனால் கையில் கட்டுகிற வாச்சுக்கு இது அவ்வளவு தேவையில்லையே, பிறகு எதற்கு இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏலே, அழகுக்காக்கும்" என்றாய்.

விலையைப் பற்றி வீட்டில் மட்டும் நாம் வாய் திறந்ததில்லை. துபாய் தெருக்கடைச் சரக்கு என்று என் மனைவியிடம் நான் சொன்னேன், உன் மனைவி செலினிடம் நீயும் அதையே சொன்னாய். அந்தப் பொய்யை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

உன் நினைவுப் பூசை முடிந்த அன்று செலின் என்னை உள்ளே கூப்பிட்டாள். அலமாரியிலிருந்து அதை எடுத்து நீட்டினாள். "இந்த ஓட்ட வாச்சு கடைசி வர அவிய கையில கெடந்தது. நீங்க வச்சுக்கிடுங்கண்ணே."

ஓட்டை வாச்சு. முகப்பில் ஓட்டை இருப்பதால் இது ஒன்றுக்கும் ஆகாதது என்று நினைத்துவிட்டாள் பாவம் என்று நான் எடுத்துக்கொண்டேன். இதன் மதிப்பு உனக்குத் தெரியாதம்மா என்று அங்கேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் உன் பேர் கெட்டுப்போகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உன் பேரா மக்கா, என் ஆசையா?

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஸ்ட்ராப்பைக் கழற்றினேன். வியர்வை ஊறிக் கறுத்து, கண்டமேனிக்கு ஓட்டை விழுந்து கிடந்தது. இவ்வளவு நல்ல வாச்சுக்கு இப்படியொரு ஸ்ட்ராப்பா என்று உன்னைத் திட்டிக்கொண்டே அதைக் குப்பையில் போட்டேன். புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். தினமும் காலையில் சாவி கொடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்ப்பேன். கூடு சுற்றும், கண்ணாடியைக் கைமாற்றத்தான் ஆள் இருக்காது.

போன வாரம் ஷைனி போன் செய்தாள். உன் மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது, தெரியுமா? கிளம்பும் முன் ஒரு காரியம் கேட்க வேண்டும் என்று தயங்கினாள்.

"அந்த ஓட்ட வாச்ச தருவியளா பெரியப்பா? அப்பா மெலிய மெலிய, அம்மையாக்கும் ஊசியக் காச்சி ஸ்ட்ராப்புல ஓட்ட போட்டுக் கெட்டி விட்டது. வாச்சு ஓடலன்னாலும் கொழப்பமில்ல. எனக்கு அந்த ஸ்ட்ராப்பு மட்டும் போதும்."

பார்த்துச் சொல்கிறேன் மக்ளே என்று போனை வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உன் பக்கத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறேன்! நான் பார்த்ததெல்லாம் வாச்சைத்தான், செலின் உன் கையைப் பார்த்திருக்கிறாள். வேண்டாத சாமானை என் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்தேனே, தன்னிடம் இருந்ததிலேயே பெரியதை அல்லவா எனக்குத் தந்திருக்கிறாள்.

குப்பைக் கிடங்குக்குக்கூடப் போய்ப் பார்த்தேன். என்ன தேடுகிறீர்கள் என்று காவல்காரர் கேட்டார். ஒரு பழைய வாச்சு ஸ்ட்ராப் என்றேன். அவர் சிரித்துவிட்டு வேறு பக்கம் போய்விட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் வீட்டுக்குப் போகிறேன். வாச்சை செலின் கையில் கொடுத்து, அது என்ன, நாம் சொன்ன பொய் என்ன என்று உடைத்துச் சொல்லிவிடுவேன். அவளுக்கு உன்மேலும் கோபம் வரும், கொஞ்சம் வாங்கிக்கொள். விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அவள் இஷ்டம். அதுவரைக்கும் எனக்குச் சிரமமில்லை. அதன் பிறகு ஷைனி வாச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்ட்ராப் எங்கே பெரியப்பா என்று கேட்பாள். அப்போது இன்னொரு பொய் சொல்ல மாட்டேன் மக்கா, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அதற்குப் பிறகும் அவள் என்னை அப்படிக் கூப்பிடுவாளா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரைக்குமாவது உன் மகளுக்குப் பெரியப்பா,
சிவதாணு