சுனையை மூடிய கோடை

சேசு மரி சூசை

செஞ்சி,
12-5-1966

அன்புமிக்க அத்தான் அவர்களுக்கு,

ஞானம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நைனா, அம்மா, நான் எல்லோரும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். செய்தி வேறு வழியாக உங்கள் காதுக்கு வந்தால் பயந்துவிடுவீர்கள். திங்கட்கிழமை நம் வயல் கிணற்றில் ஒரு சிறுத்தை விழுந்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சிறுத்தைக்கும் இல்லை.

உங்கள் கடிதம் சனிக்கிழமையே கிடைத்தது. வடக்கே உங்கள் மலை சர்வே முடிய இன்னும் சில வருடங்கள் ஆகும் என்றும், தேசியப் பூங்காவுக்குள்ளேயே குடும்பத்தோடு இருக்க வீடு தருகிறார்கள் என்றும், வேண்டுமா வேண்டாமா என்று இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். நீ கூச்ச சுபாவம், இங்கே யானையும் புலியும்தான் அக்கம்பக்கம், நன்றாக யோசித்து எழுது என்றும் எழுதியிருந்தீர்கள். நான் யோசிக்கவே இல்லை, அத்தான். வாசிக்கும்போதே வருவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் நைனாவுக்கு வாசித்துக் காட்டியதும், "புலி இருக்கிற காட்டுக்கா பொண்ணை அனுப்புவாங்க? மாப்பிள்ளையை வேலை மாத்திக்கினு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். உங்களுக்கு உடனே பதில் எழுதாததற்கு அதுதான் காரணம்.

இந்த வருடம் வெயில் மிகவும் கடுமை. பொழுது சாய்ந்த பிறகும் பாறைகளிலிருந்து அனல் அடிக்கிறது. சீதா மரங்களில் இலையே இல்லை. ஆவாரஞ்செடிகூட வாடிவிட்டது. தை மாதத்தில் நாம் இருவரும் வயலுக்குப் பின்னாலிருக்கும் குன்றில் ஏறினோமே, அப்போது எப்படி இருந்தது! பாறை இடுக்குகளில் எல்லாம் ஈரம். உடும்பு ஒன்று நம்மைப் பார்த்துவிட்டு அவசரமில்லாமல் நகர்ந்து போனது. நீங்கள் சுத்தியலால் தட்டித் தட்டிக் காட்டினீர்கள். கருங்கல் வெங்காயச் சருகு போல உரிந்து உரிந்துதான் இப்படி உருண்டைப் பாறையாகிறது என்றீர்கள். பி.எஸ்ஸி.யில் நிலவியல் எனக்குத் துணைப்பாடம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் தெரியாதவள் மாதிரியே கேட்டுக்கொண்டு வந்தேன். நீங்கள் சொல்லும்போது புதிதாக இருந்தது. மேலே சுனைக்கரையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு குரங்கு உங்கள் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு ஓடியது. நீங்கள் அதை இந்தியில் திட்டினீர்கள். உங்கள் முன்னால் நான் முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அந்தச் சுனையால்தான் இவ்வளவும் நடந்திருக்கிறது. கோடை வந்தால் ஆட்டுக்காரர்கள் சுனையைச் சுற்றி முள் வெட்டிப் போடுவார்கள், குரங்குகள் இறங்கித் தண்ணீரைக் கலக்காமல் இருக்க. எப்போதும் மலைப் பக்கம் மட்டும் காட்டு மிருகங்கள் குடிக்க ஒரு வழி விட்டுவைப்பது வழக்கம். இந்த வருடம் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. ஆடுகளுக்காவது மிஞ்சட்டும் என்று எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை விடிந்ததும் தண்ணீர் இறைக்கப் போன நைனா ஓட்டமாகத் திரும்பி வந்தார். நம் கிணறு பாறையைக் குடைந்து வெட்டியது அல்லவா, படிகள் பாதியோடு நின்றுவிடும். தண்ணீர் குடிக்க இறங்கிய சிறுத்தை அங்கிருந்து வழுக்கி விழுந்திருக்கிறது. தண்ணீருக்குச் சற்று மேலே பிதுங்கி நின்ற கல்லில் ஏறி, நனைந்த உடம்போடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. நான் எட்டிப் பார்த்தபோது சீறவில்லை. என்னைத் தாண்டி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறுவதற்குள் பஸ் ஸ்டாண்டே நம் வயலுக்கு வந்துவிட்டது. வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவள் வரப்பிலேயே கடை போட்டாள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கோதண்டராமன் துப்பாக்கியோடு வந்து, "எல்லாரும் தள்ளுங்க. ஒரே வெடி, வேலை முடிஞ்சுது" என்றார். பக்கத்து வயல் லட்சுமியம்மாள், "என் கொல்லையில பன்னிய சுடறேன்னு வந்து பூசணிக்காய சுட்ட ஆளாச்சே நீ" என்றதும் ஒரே சிரிப்பு. ஆட்டுக்காரர் கன்னியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. "சுடுங்கய்யா. இன்னைக்கு விட்டா நாளைக்கு என் பட்டிக்குத்தான் வரும்" என்றார். நைனாவும் தலையாட்டிவிட்டார். கிணறு அவருடையது. அவர் சரி என்றால் சுட்டுவிடுவார்கள்.

உங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிணற்றில் விழுந்த சிறுத்தைக்கு ஏணி இறக்கினார்கள், ஆட்கள் விலகிப் போனதும் அது தானே ஏறிப் போய்விட்டது என்று முன்பு எழுதியிருந்தீர்களே. நைனாவின் பக்கத்தில் போய் அதை மெதுவாகச் சொன்னேன். "இன்னா? காதுல விழல, சத்தமா சொல்லு" என்றார். சுற்றிலும் அத்தனை ஆண்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகவே சொல்லிவிட்டேன். மாதா கோயிலில் தோரணம் கட்டுகிற பெரிய ஏணி போதும் என்றும் சொன்னேன்.

"கோயில் ஏணியில புலிய ஏத்தறதா? சாமியாருக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் நைனா. கன்னியப்பன், "பட்டணத்துல படிச்ச பொண்ணாச்சே. ஏணி வச்சி ஏத்திட்டு, பாய் போட்டுப் படுக்க வைக்கலாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை. "அண்ணே, எந்தக் கோடையிலயும் வயலுக்கு இறங்காதது இந்த வருசம் ஏன் இறங்குச்சி? மேல அது எங்க போய்த் தண்ணி குடிக்கும்?" என்று அவரையே கேட்டேன். அவர் குன்றைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வழி விடாம அடைச்சிட்டோமே" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். பிறகு, "ஏணிய நானே கொண்டாறேன்" என்று கிளம்பிவிட்டார். நைனாவும் கோதண்டராமனைத் துப்பாக்கியை இறக்கச் சொன்னார். சாமியார் மறுக்கவில்லையாம், கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றாராம்.

ஏணியை இறக்கியதைவிடக் கூட்டத்தைக் கலைத்ததுதான் பெரும்பாடு. அதற்குக் கோதண்டராமனின் பட்டாளக் குரல் உதவியது. நானும் நைனாவும் தூரத்தில் களத்துமேட்டுப் பாறை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் இறங்கும் நேரத்தில் ஏணி அசைந்தது. சிறுத்தை வெளியே வந்து உடம்பை உதறியது. எங்கள் பக்கம் ஒரு தரம் பார்த்தது. நைனா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அது ஓடவில்லை, நடந்தே பாறைகளுக்குள் ஏறியது. பாறையில் படிந்திருக்கும் கறுப்புத் திட்டுகளும் அதன் புள்ளிகளும் ஒன்றுபோலவே இருந்தன. நான் கண்ணை எடுக்கவேயில்லை. ஆனாலும் எந்த இடத்தில் மறைந்தது என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது.

மறுநாள் ஆட்டுக்காரர்கள் சுனையின் மலைப் பக்கத்து முள்ளை இழுத்துப் போட்டு வழி விட்டார்கள். நைனாவும் கூடப் போனார்.

உங்கள் மலைகள் வயதில் சின்னவை, மழைக்கே சரிகிற மணற்கல், நடுநடுவே ஆற்றுக் கூழாங்கற்கள் பதித்து வைத்தது போல இருக்கும் என்று எழுதுகிறீர்கள். இருநூறு கோடி வருடத்துக் கருங்கல்லின் அடியில் பிறந்து வளர்ந்த எனக்கு, சரிகிற மலை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஒரு தரம் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ராமகங்கை ஆற்றில் நீண்ட மூக்கு முதலை வெயில் காய்வதையும் பார்க்க வேண்டும்.

நேற்றுச் சாப்பிடும்போது நைனா அம்மாவிடம், "நாலு பேரு வந்தா அடுப்பங்கரையில போய் ஒளியிற பொண்ணு, ஊரையே நிக்க வச்சிக் கேட்டுச்சி பாரு" என்றார். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "அந்த ஊட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் கெட்டியா இருக்குதான்னு மாப்பிள்ளையைக் கேட்டு எழுது" என்றார். அம்மா எழுந்து போய், கட்டிக் கொடுக்கப் புளி இருக்கிறதா என்று பானையைத் திறந்து பார்த்தாள்.

காட்டிலும் மலையிலும் மாதா உங்களைக் காத்து நடத்துவாளாக. மாதக் கடைசிக்கு அதிக நாள் இல்லை. அத்தான், கதவு எப்படி இருந்தாலும் சரி, தாழ்ப்பாள் கெட்டியாக இருக்கிறது என்றே எழுதுங்கள்.

தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருக்கும்,
உங்கள்
ஞானம்