விசில் கெட்டுப்போகவில்லை

பிப்ரவரி 4, செவ்வாய்
என் வீட்டுக்காரருக்கு வலது காதில் வலி. நீச்சல் குளத்துப் பயிற்சியாளருக்குக் காதில் தண்ணீர் போவது புதிதா? வழக்கம்போல் ஒற்றைக் காலில் குதித்தார், ஹேர் டிரையரைக் காதருகே பிடித்தார். "தானா சரியாயிடும்." குளத்தில் எல்லாருக்கும் இவர்தான் காது வைத்தியர்.

பிப்ரவரி 9
சரியாகவில்லை. தலையணை உறையில் மஞ்சள் கறை, நாற்றம். மென்றால் தாடை வலிக்கிறதாம், ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்குகிறார். டாக்டரிடம் போகலாம் என்றேன். "காதுல தண்ணி போனதுக்கா? குளத்துல சிரிப்பாங்க." இவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பிப்ரவரி 12
கால் முறிந்தபோதுகூட ஜோக் அடித்த மனுஷன், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் போனதற்கு இவ்வளவு வலியா? சர்க்கரை பார்த்தேன். முந்நூற்றைத் தாண்டிவிட்டது. மாத்திரை போட்டேன் என்கிறார் — போட்டாரா?

பிப்ரவரி 13
மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவைக் குளத்துக்கு எடுத்துப்போனேன். பிள்ளைகள் குதிக்கத் தயாராக நின்றார்கள். விசிலை ஊதினார். சத்தமில்லை, உஸ்ஸென்று காற்று. மறுபடியும் உஸ். பிள்ளைகள் சிரித்தார்கள், இவரும் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது. வலது பக்கம் அப்படியே கிடந்தது, அந்தக் காது இருக்கிற பக்கம்.

"விசில் கெட்டுப்போச்சு" என்றார். பிடுங்கி நான் ஊதினேன். குளமே அதிர்ந்தது.

"விசில் நல்லாத்தான்யா இருக்கு! உன் வாய்தான் கோணிக்கிச்சு. வண்டியில ஏறு!"

கல்யாணமான நாளிலிருந்து இவரை நான் ஒருமையில் பேசியதில்லை. ஏறினார்.

அன்றே, ஆஸ்பத்திரி
டாக்டரம்மா காதைத் தொட்டதுமே இவர் அலறிவிட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். "சர்க்கரை இருக்கறவங்களுக்கு இது வெறும் காதுவலி இல்லம்மா. கிருமி எலும்புக்குள்ள போயி, முக நரம்பையும் பிடிச்சிருக்கு. இன்னும் விட்டிருந்தா மூளைப் பக்கம் போயிருக்கும்."

"பொழைச்சுக்குவாரா?"

"ஊசி ஆரம்பிக்கறோம். வாரக்கணக்குல போடணும்."

வாய் நேராகுமா என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

பிப்ரவரி 20
வலி குறையவில்லை. மருந்தை மாற்றினார்கள். பயமாயிருக்கு. ரொம்ப பயமாயிருக்கு.

மார்ச் 1
தூங்கினார். குறட்டையோடு! இந்தக் குறட்டையைத் திட்டியே பாதி ஆயுசு போச்சு. இன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

ஏப்ரல் 6
வீட்டுக்கு வந்தாயிற்று. வலி போய்விட்டது. வலது கண் இன்னும் முழுசாக மூடவில்லை. குளத்துக்குப் போகணும் என்று நச்சரித்தார், கூட்டிப்போனேன். காதில் பஞ்சோடு பெஞ்சில் உட்கார்ந்து விசிலை ஊதினார். உஸ். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

வாயைத் துடைத்துக்கொண்டு விசிலை என்னிடம் நீட்டினார். "நீ ஊது. உன் சத்தத்துக்குத்தான் நான் வண்டியிலயே ஏறினேன்."

ஊதினேன். பிள்ளைகள் குதித்தார்கள்.