பௌர்ணமிக்கு முன் நான் பதுக்கிய சிலிண்டர்கள்

இன்று காலை வேங்கிக்கால் வீட்டுக்குக் குழாய் கேஸ் இணைப்புக் கொடுக்க இரண்டு பேர் வந்தார்கள். மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டு ஒருவர் வால்வைத் திறந்தபோது, லேசாக அந்த வாடை வந்தது. அழுகிய முட்டைக்கோஸ் வாடை. ஒரு நொடிதான். அதற்குள் நான் செங்கம் சாலையில், நாம் இருவரும் நடத்திய டிபன் கடையின் பின்கட்டில், உன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வெயில் சாய்ந்திருந்தது. மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. "சரியா எரியுதுங்களா?" என்று அவர் கேட்டது எங்கோ தூரத்திலிருந்து வருவதுபோல் காதில் விழுந்தது.

நாம் படித்த பெண்கள் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் பூகோளம் எடுத்த சார், நமக்கெல்லாம் கல்யாணமாகிப் பிள்ளை பிறப்பதற்குள் பூமியில் பெட்ரோலும் கேஸும் தீர்ந்துவிடும் என்றார். நான் வீட்டுக்குப் போய் விறகு வாங்கி வைக்கச் சொல்லி அம்மாவிடம் அழுதேன். நீயோ எழுந்து நின்று, "எங்க போய்ப் பாத்துட்டு வந்து சொல்றாங்க சார்?" என்று கேட்டு, அந்த வகுப்பு முடியும்வரை வெளியே நின்றாய். உன் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் கல்லூரிக்குப் போன பிறகும், ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பாய்.

எதையுமே நம்பாதவள் இல்லை நீ. கீழ்பென்னாத்தூரில் உங்கள் நிலத்துப் போர்க்கிணறு சேறு கக்கியபோது, அக்கம்பக்கத்தில் யாரும் நிறுத்துமுன் நெல்லை நிறுத்தி, தண்ணீர் அதிகம் கேட்காத மல்லாட்டை போட்டவள் நீதான். தண்ணீர் எவ்வளவு கீழே போயிருக்கிறதென்று நானே கயிறு விட்டுப் பார்த்தேன் என்றாய். பார்த்ததை நம்பினாய், பயந்தவர்கள் சொன்னதைத்தான் நம்பவில்லை.

நான் அப்படியில்லை. கடை நடத்தியபோது ஒரு வருஷம் எங்கோ சண்டை, கப்பல் வரவில்லை, இனி கேஸே கிடைக்காது என்று பேச்சு கிளம்பியது. மூன்று நாளில் வரும் சிலிண்டருக்குப் பத்து நாள் ஆனது. எதிர்க்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார். பௌர்ணமிக்கு ஆறே நாள். கிரிவலக் கூட்டத்தை நம்பித்தான் நம் கடையே ஓடியது. உன்னிடம் சொல்லாமல், தெரிந்தவர் மூலம் நாலு சிலிண்டர் வாங்கி, சாமான் அறையில் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் வைத்துச் சாக்கைப் போட்டு மூடினேன். யார் கண்ணிலும் படக்கூடாதென்று ஜன்னலையும் சாத்தினேன்.

மறுநாள் பிற்பகல், பஜ்ஜிக்கு மாவு கரைக்கக் கடையைத் திறந்தோம். எனக்குச் சளி பிடித்து மூக்கடைத்திருந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றத் தீக்குச்சியை எடுத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய். தீப்பெட்டியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாய்.

"சுவிச்சு எதையும் தொடாத. வெளிய போ."

போனேன். நீ உள்ளே போய் ஜன்னலைத் திறந்ததும், மூட்டைகளை நகர்த்தியதும், கசிந்த சிலிண்டரைத் தனியாகவே இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் வந்ததும் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் மெதுவாக, சத்தமில்லாமல் நடந்தன. உன் மாம்பழ நிறச் சேலை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நீ பக்கத்தில் வந்தபோதுதான் அடைத்திருந்த என் மூக்கிலும் அந்த வாடை ஏறியது.

வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். எத்தனை வாங்கினாய் என்று கேட்டாய். எல்லாவற்றையும் சொன்னேன். நீ திட்டவில்லை.

"கேஸ் தீரலடி. பயம்தான் ஜாஸ்தியாயிடுச்சு. ஆளுக்கு நாலு வாங்கி உள்ள வச்சிக்கினா, அப்புறம் யாருக்குத்தான் கெடைக்கும்?"

அன்று மாலையே ஒரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் எதிர்க்கடையில் கொடுத்தாய். போட்டிக்காரனுக்கா என்று இரண்டு நாள் உன்னோடு நான் பேசவில்லை. பௌர்ணமியன்று இரண்டு கடையிலும் அடுப்பு எரிந்தது. இரண்டு கடையிலும் நிற்க இடமில்லை. அடுத்த வாரமே சிலிண்டர் லாரி எப்போதும்போல் வந்து நின்றது. தீர்ந்துவிடும் என்று சொன்னவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். பார்த்தாயா என்று நீ ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நீ என் உயிரைக் காப்பாற்றியதற்கு நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம், நாள் இருக்கிறது என்றிருந்தேன்.

ஓர் ஆடி மாதம், மதியம் படுத்த நீ எழுந்திருக்கவேயில்லை. காரியத்தன்று உன் பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல குரல் மறந்துபோவும்மா, அப்புறம் மொகம். ரெண்டு வருஷத்துல எல்லாம் கம்மியாயிடும்," என்றார். வழக்கம்போல் நம்பிப் பயந்தேன். போனில் நீ அனுப்பிய குரல் பதிவுகளையெல்லாம் அழியாமல் மூன்று இடத்தில் சேர்த்து வைத்தேன். தேய்ந்துவிடுமோ என்பதுபோல் கேட்கவும் தயங்கினேன்.

மூன்று ஆடி போய்விட்டது. அந்தப் பதிவுகளை நான் திறந்தே பல மாதம் ஆகிறது. நேற்றுச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "முத்தலா எடுக்காதடி," என்றாய், காதோரம், அத்தனை தெளிவாக. கையிலிருந்ததைப் போட்டுவிட்டு இளசாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தேன்.