தொடக்ககால மணம்

நவம்பர் 6

அகில உலக விளக்கு உத்தரவாதப் பேரரசின் பட்டத்து இளவரசியும், என் ஒரே அக்காவின் ஒரே மகளுமான வாலுக்கு,

கார் நிறுத்தும் அறையின் சக்கரவர்த்தி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், உன் தாய்மாமன் எழுதுவது. நலம். உன் அத்தையும் நலம். நலமில்லாதவர் ஒருவர் இருக்கிறார், அவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் கம்பெனிக்குப் போன் போட்டேன். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” என்றாள் ஒருத்தி. அப்புறம் பாட்டு. அது முடிவதற்குள் என் தாடி முழங்காலைத் தொட்டுவிட்டது. கடைசியில் ஒருவன் வந்து, “புகாரெல்லாம் எழுத்து மூலமாத்தான் சார்” என்றான். சரி, எழுத்து என்றால் எனக்குப் பயமா?

காரை விற்றுவிட்டு அந்த அறையில் தக்காளியும் குடைமிளகாயும் நாற்று விட்டிருக்கிறேன். வெயில் எட்டிப் பார்க்காத அறை. செடி விளக்குதான் சூரியன். அந்தச் சூரியனுக்குக் கரண்டை அளந்து ஊட்ட விளக்குக்கு ஒன்றாக இரும்புப் பெட்டி. நீங்கள் பாலாஸ்ட் என்கிறீர்கள். டியூப்லைட் சோக்கின் பணக்காரப் பெரியப்பா, அவ்வளவுதான். வாங்கும்போது நீ என்ன சொன்னாய்? “கண்ணை மூடிட்டு வாங்குங்க மாமா, அஞ்சு வருஷம் வாரண்டி, நான் இருக்கேன்ல!” நானும் கண்ணை மூடிக்கொண்டு ஆறு வாங்கினேன்.

ஆறும் ஒரே அச்சு. அடையாளத்துக்காக ஒவ்வொன்றின் ஸ்டிக்கரிலும் மையால் படம் வரைந்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குக் கண்ணாடி, ஒன்றுக்குக் கொண்டை, ஒன்றுக்கு முறுக்கு மீசை. மீசைக்காரருக்குச் சித்தப்பா என்று பெயர். சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் என் சித்தப்பாவைப் போலவே “கொர்ர்ர்” என்கிறார், நடுவில் ஒரு விக்கல் வேறு. விளக்கு கண்ணைச் சிமிட்டுகிறது. வாடையோ, பழைய ரப்பர் செருப்பை எண்ணெயில் வறுத்து மேலே பூனை முடி தூவினால் வருமே, அது. தெருநாய்கள் எங்கள் வீட்டைக் கடக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன.

நர்சரிக்காரர் ஜனவரியில் நாற்றுப் பார்க்க வருகிறார். “வெளிறிப்போன நாத்தை மட்டும் என் கண்ணுல காட்டிடாதீங்க” என்று இப்போதே சொல்லிவிட்டார். ஓய்வு பெற்றபின் நான் தொட்ட முதல் தொழில், தாயே. சித்தப்பாவைக் கவனி.

ஒளியிழந்த பேரரசன்,
உன் மாமன்

*

நவம்பர் 13

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் படித்து ஆபீசில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். அம்மாவும் நானும் நலம். அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

புகார் என்று வந்துவிட்டால் கம்பெனி பதிலைத்தான் முதலில் தர வேண்டும், அது விதி. கோபிக்காமல் படியுங்கள்: “தாங்கள் குறிப்பிட்டிருப்பது சாதனத்தின் இயல்பான இயக்க ஒலியே ஆகும். வாசனையைப் பொறுத்தவரை, அது புதிய சாதனங்களில் உணரப்படும் தொடக்ககால மணம். கவலை வேண்டாம்.”

இந்த வரிகளை எழுதியது யார் தெரியுமா? நான்தான்! மேனேஜர் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டி, “இதுதான்மா எழுத்து, படிச்சவன் திரும்பப் புகார் எழுதவே மாட்டான்” என்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதக் கற்றுக்கொடுத்தது யாராம்?

பெட்டி முழுவதும் செத்துப்போனால்தான் மாற்றித் தருவார்கள். அதுவும் வாங்கியபோது வந்த அட்டைப் பெட்டியிலேயே வைத்து அனுப்ப வேண்டும். அதை யார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? அதனால் பொறுத்துக்கொண்டு ஓட்டுங்கள் மாமா.

அன்புடன்,
வாலு

*

நவம்பர் 20

தொடக்ககால மணத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானிக்கு,

சித்தப்பா செவ்வாய்க்கிழமை காலமானார். கடைசியாக ஒரு விக்கல், ஒரு நீலப் பொறி, அவ்வளவுதான். அவர் போனபோது வந்த வாடையில் சுவரிலிருந்த பல்லி தன் வாலை மட்டுமல்ல, உடம்பையும் கழற்றிப் போட்டுவிட்டு ஓடியது.

லீவ் லெட்டர் பற்றி எழுதியிருந்தாய். “வயிற்றுவலி” என்று எழுதக் கற்றுக்கொடுத்தேன், வாஸ்தவம். அதனால் யார் வயிறும் கெடவில்லை. பிணவாடைக்கு மணம் என்று பெயர் வைத்துச் சம்பளம் வாங்கச் சொல்லவில்லை. உன் வரியை உன் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். “இனிமே சாக்கடைக்குப் பேரு ஓடைன்னு கடுதாசி போடுவாளா உங்க மருமக?” என்றாள்.

அட்டைப் பெட்டியை யாரும் வைத்திருக்க மாட்டார்கள் என்றா நினைத்தாய்? உன் அம்மாவை மறந்துவிட்டாயே! வரலாற்றில் அவள் ஒரு பெட்டியைத் தூக்கி எறிந்ததே இல்லை. மிக்சி பெட்டிக்குள் ரேடியோ பெட்டி, ரேடியோ பெட்டிக்குள் வாட்ச் பெட்டி. இன்னும் தோண்டினால் உலகம் படைக்கப்பட்டபோது அது வந்த பெட்டியும் கிடைக்கும். என் பாலாஸ்ட் வந்த அட்டைப் பெட்டிகள் ஆறும் அவளிடம்தான் இருந்தன, உள்ளே கம்பளிச் சட்டைகள். ஒன்றைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். “டேய், பெட்டி திரும்பி வரணும்” என்று வாசல்வரை வந்து சொன்னாள்.

சித்தப்பாவை அதில் கிடத்தி அனுப்பியிருக்கிறேன். புதுசு அனுப்பு.

மூக்கைப் பிடித்தபடி,
மாமன்

*

டிசம்பர் 8

அன்புள்ள மாமாவுக்கு,

ஜெயித்துவிட்டீர்கள்! அட்டைப் பெட்டியைப் பார்த்து மேனேஜரே அசந்துவிட்டார். மாற்று பாலாஸ்ட் இன்று கிளம்புகிறது. புத்தம் புதுசு, நானே அனுப்பி வைக்கிறேன். இனி நர்சரிக்காரர் வாயைப் பிளப்பார், பாருங்கள்.

இன்னொரு நல்ல செய்தி. ஜனவரி கடைசியில் என் வேலை நிரந்தரமாகிறது. அம்மா இப்போதே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
வாலு

*

டிசம்பர் 19

வாலுக்கு,

புத்தம் புதுசு வந்தது. பளபளப்பில் முகம் பார்த்து ஷேவ் செய்யலாம். மாட்டினேன். சுவிட்சைப் போட்டேன்.

“கொர்ர்ர்.” நடுவில் ஒரு விக்கல்.

உன் அத்தை கையில் காபியோடு வாசலில் நின்றாள். “ஏங்க, உங்க சித்தப்பா திரும்பி வந்துட்டாரு.”

நான் சிரிக்கவில்லை. பெட்டியைக் கழற்றி அடுப்பில் கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டினேன். புது ஸ்டிக்கர் தோலுரிந்தது. அடியில் பழைய ஸ்டிக்கர். அதில் என் கையால் வரைந்த முறுக்கு மீசை, ஒரு முடி குறையாமல்.

செத்தவனைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புது மாப்பிள்ளை என்று அனுப்பிவைத்த கம்பெனியை இந்த அண்டசராசரத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். இலையில் எச்சில் சோற்றை வழித்துப் போட்டுப் பரிமாறினால் எப்படிக் குமட்டும், அப்படிக் குமட்டுகிறது. அந்தப் பெட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடி கழுவினேன்.

அதுகூடப் போகட்டும். உள்ளே ஒரு சீட்டு இருந்தது. “பரிசோதிக்கப்பட்டது” என்று. கீழே கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் குருவி வால் மாதிரி மேலே போய் வளைகிறது. அந்த வாலுக்காகத்தான் உனக்கு வாலு என்று பெயரே வைத்தேன்.

உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்.

மாமன்

*

டிசம்பர் 24

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடம் மறைக்க மாட்டேன். தெரியும். திரும்பி வரும் பெட்டிகளில் கருகின பாகத்தை மாற்றிப் பெயிண்ட் அடித்து அனுப்புவார்கள். “சரிபார்க்கப்பட்ட மாற்று” என்று வாரண்டி அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிறது. அதனால் இது ஏமாற்று இல்லை. புதுசு என்று நான் எழுதியதுதான் தப்பு. உங்கள் பெட்டியே உங்களுக்கு வந்தது கெட்ட நேரம்.

சீட்டுகளைக் காலையில் கட்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். கையெழுத்துப் போடுவது என் வேலை. பெட்டியைப் பார்ப்பது பட்டறைக்காரர்கள் வேலை. எல்லா ஆபீசிலும் அப்படித்தானே மாமா?

இதை இப்போதைக்குப் பெரிதாக்க வேண்டாம், ப்ளீஸ். ஜனவரி வரைக்கும் மட்டும். சித்தப்பாவைத் தைரியமாக மாட்டுங்கள். பாகம் மாற்றியிருக்கிறார்கள், ஒன்றும் ஆகாது. நான் சொல்கிறேன்.

வாலு

*

ஜனவரி 3

மதிப்பிற்குரிய உத்தரவாதப் பிரிவு அலுவலர் அவர்களுக்கு,

தாங்கள் சொன்னபடி பாலாஸ்ட்டை மாட்டினேன். நாற்றுகளுக்கு வெளிச்சம் வேண்டியிருந்தது. தாங்கள் சொன்னீர்கள் என்பதும் ஒரு காரணம்.

நேற்று மதியம் அது உருகியது. பொறி விழுந்து, நாற்றுகளின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் தாள் பிடித்துக்கொண்டது. நான் தெருமுனைக் கடையில் இருந்தேன். என் மனைவி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாடை வந்திருக்கிறது. வழக்கமான வாடைதான் என்று புரண்டு படுத்திருக்கிறாள். மணம் என்று எழுதி வந்ததை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

எதிர்வீட்டுத் தையல்காரர் புகையைப் பார்த்து, ஓடிவந்து மெயின் சுவிட்சை அணைத்தார். நானும் ஓடிவந்தேன், மணல் போட்டு அணைத்தோம். மனைவிக்கு இன்னும் இருமல் நிற்கவில்லை. டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை என்றார். நாற்றுகள் எல்லாம் போய்விட்டன. நர்சரிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாற்று வேண்டாம்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

*

ஜனவரி 15

மாமாவுக்கு,

மாமா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு பொய்கூட இல்லை. பல்லி இல்லை, தாடி இல்லை, தெருநாய் இல்லை. அத்தையோடு போனில் பேசினேன். “இருமல் குறைஞ்சிருக்கு, நீ சாப்பிட்டியா?” என்று கேட்டார்கள். அதற்கு நான் அழுததை உங்களிடம் சொன்னார்களோ என்னவோ.

உங்கள் பார்சலைப் பிரித்ததும் அந்த வாடை ஆபீஸ் முழுவதும் பரவியது. இத்தனை நாள் மணம், மணம் என்று எழுதினேனே, அதை ஒருநாளும் நான் மோந்து பார்த்ததில்லை மாமா. வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடினேன்.

மாற்றுப் பெட்டி வாங்கியவர்களின் முகவரிகள் என்னிடம்தான் இருந்தன. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லோருக்கும் எழுதிப் போட்டேன். “தொடக்ககால மணம் என்று எதுவும் கிடையாது. அதை எழுதியவள் நான். பெட்டியை உடனே கழற்றிவிடுங்கள்.” கடைசிக் கடிதத்தையும் தபாலில் சேர்த்துவிட்டு, அன்று கிளம்பவிருந்த பெட்டிகளில் ஒன்றை எடுத்து ஸ்டிக்கரை உரித்தேன். அடியில் யாரோ “குழந்தை ரூம்” என்று எழுதியிருந்தார்கள். அதை ஒரு விளக்கோடு இணைத்து மேனேஜரின் நாற்காலிக்குக் கீழே வைத்து, சுவிட்சைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில், “என்னம்மா சத்தம் இது?” என்றார்.

“இயல்பான இயக்க ஒலி சார்.”

“ஏதோ கருகற நாத்தம் அடிக்குதே!”

“தொடக்ககால மணம் சார். கவலை வேண்டாம்.”

எழுந்து பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு வாசல்வரை ஓடினார். அங்கே நின்றுகொண்டு, “முதல்ல அதை அணை! எரிஞ்சு கிரிஞ்சு தொலையப் போகுது!” என்று கத்தினார். ஆபீசே பார்த்தது. அணைத்தேன். “சார், இதைத்தான் நாம குழந்தை ரூமுக்கு அனுப்பறோம்” என்றேன்.

வேலை போய்விட்டது. அம்மா தெரு முழுக்கச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கிற வரி ஒன்று எழுதிப் பார்த்தேன். கம்பெனிக் கடிதம் மாதிரியே இருந்தது. கிழித்துவிட்டேன்.

வாலு

*

ஜனவரி 22

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. மேனேஜர் ஓடிய இடத்தை உன் அத்தை திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். சிரித்துச் சிரித்து மறுபடி இருமல் வந்துவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. அந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. தலையணையில், சட்டையில், சோற்றில். உன்மேலும் கொஞ்சம் இருக்கிறது. இல்லை என்று எழுதினால், அதுவும் நாற்றத்தை மணம் என்று எழுதுவதுதான்.

அறைச் சுவர் மேல்கூரை வரைக்கும் கரி. “அவளை வரச் சொல்லுங்க, தேய்க்க ஆள் வேணும்” என்கிறாள் உன் அத்தை. நானும் சரி என்றேன். பழைய துணி எடுத்துக்கொண்டு வா. ஒரே நாளில் போகிற கரி இல்லை.

உன் அம்மா இங்கே வந்திருக்கிறாள். வந்ததிலிருந்து ஒரே கேள்விதான், “என் பெட்டி எங்கடா?” உன் கம்பெனி அதைத் திருப்பித் தரவே இல்லை. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டு வா. அழகாக எழுதித் தராதே. வாயால் சொல்.

மாமா