இரண்டு வாரம் பதில் இல்லை

இன்று அலுவலகத்தில் பழுதுபார்க்க வந்தவர் ஒரு பழைய கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றினார். சூடேறிய தூசியும் கரப்பான்பூச்சியும் கலந்த வாடை. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு ஈஜிபுராவில் நம் வாடகை அறையும், கேஸ் அடுப்புக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் ஓடிக்கொண்டிருந்த உன் கம்ப்யூட்டரும் ஞாபகம் வந்தன.

ஆபீஸ் விட்டு வந்ததும் அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவாய். எந்தெந்த ஊர்க்காரர்களோ சேர்ந்து நடத்திய அந்த இலவச மென்பொருள் தொகுப்பில் ஒன்றே ஒன்று உன் பொறுப்பு: ஃபைல்களைச் சுருக்கிவைக்கும் மென்பொருள். அதை உருவாக்கும் ஸ்கிரிப்டின் கடைசியில் ஒரு சோதனை வைத்திருந்தாய். சுருக்கியதை விரித்து, பழையபடியே இருக்கிறதா என்று அது பார்க்கும். அது முடிவதற்குள் எனக்குச் சோறு வெந்து, ரசமும் ஆகிவிடும்.

அந்தத் தாமதம் பிடிக்காத ஒருவன், அவனும் தொகுப்பில் ஒரு பொறுப்பாளன், சோதனையை எடுக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தான்.

"விட்டுத் தொலையேன்டி, சும்மா எதுக்கு வம்பு?" என்றேன்.

"போடி. செக் பண்ணாம அனுப்புறது, ஊசிப்போன சாம்பார சுடவச்சு ஊத்துற மாதிரி. ஃபைல் கெட்டுப்போனது பாவம் யூஸ் பண்றவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது."

அவனுக்கு நீ அனுப்பியது ஒரே வரி: முடியாது.

அப்புறம் மஞ்சள் காமாலையோடு உன் ஊரான வாணியம்பாடிக்குப் போன நீ திரும்பவில்லை. குழுவுக்கு நான்தான் செய்தி எழுதினேன். முதல் இரங்கல் அவனுடையது, ஈடுசெய்ய முடியாத இழப்பாம். அன்றைக்கே சோதனையை நீக்கும் கோரிக்கையை உன் பெயருக்கு அனுப்பியிருக்கிறான். பொறுப்பாளர் இரண்டு வாரம் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்பது தொகுப்பின் விதி. செத்தவளிடம் கேட்டுவிட்டு, நாள் எண்ணிக் காத்திருந்து, 'பொறுப்பாளரிடமிருந்து பதில் இல்லை' என்று குறிப்பெழுதி எடுத்தே விட்டான். மற்றவர்களிடம் முறையிட்டால், விதிப்படிதானே நடந்திருக்கிறது என்றார்கள். த்தூ!

உன் இடத்தில் என் பெயரைப் போடச் சொல்லி, தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, சோதனையைத் திரும்ப வைத்தேன். அவன் இன்னும் எழுதுகிறான், நலம் விசாரித்துவிட்டு. உன் ஒரு வரியைத்தான் நானும் அனுப்புகிறேன்.

மகள் பிறந்த மறுநாள், வார்டில் படுத்தபடியே, அவனுக்கு அந்த வரியை அனுப்பும்படி கணவரிடம் சொன்னேன். "இப்பவா இது?" என்று தலையிலடித்துக்கொண்டார்.

"முடியாதுன்னு மட்டும் போடுங்க. நான் பேசாம இருக்கணும்னுதான் அவன் காத்துட்டிருக்கான்."